ரொட்டி மாவுக்கு அம்மா தேடிய சூடு

எங்கள் அப்பாவின் பழைய காருக்குள் ஏறி உட்கார்ந்தால் கள்ளுக்கடைக்குள் நுழைந்த வாடை அடிக்கும். அப்பாவோ கள்ளைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு, மாதா கோயிலுக்கு நன்றாகத் தள்ளியே வண்டியை நிறுத்தி, நாங்கள் இறங்கிய வேகத்தில் கதவுகளைச் சாத்திவிடுவார். அப்படியும் ஒருமுறை வண்டியருகே நின்று பேசிக்கொண்டிருந்த பங்குச் சாமியார், மூக்கை லேசாகச் சுருக்கி, அப்பாவின் தோளில் ஆறுதலாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டலை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. பின்னிருக்கையின் தையல்களுக்குள் இறங்கிக் காய்ந்துபோய், ஈரம் பட்டால் மறுபடி கிளம்பிய அந்த வாடைக்குக் காரணம் கள் அல்ல, ரொட்டி மாவு. அதைக் காருக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னவர் என் அம்மா. ஏன் சொன்னார் என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. முழுவதும் புரிந்தது போன மாதம்தான்.

அப்போது நாங்கள் பினாங்கில் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். "பிளாட்டு வீடு" என்றுதான் எல்லாரும் சொல்வோம். இரண்டு அறை, ஒரு கூடம், ஒருவர் திரும்பினால் இன்னொருவரை இடித்துக்கொள்ளும் ஒரு குசினி, குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கென்று சிமெண்டுத் தொட்டி கட்டிய ஒரு குளியலறை, அவ்வளவுதான். அப்பா பஸ் கம்பெனியில் மெக்கானிக்; வேலைக்குப் பஸ்ஸிலேயே போய்விடுவதால் அவருடைய கார் வாரம் முழுக்கக் கீழே வெட்டவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பினாங்குக்குக் கோடை குளிர் என்று பருவம் கிடையாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கிறிஸ்துமஸ் முடிந்து ஈஸ்டர் வரும்வரை எங்கள் மேல்மாடியில் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். சாயங்கால வெயில் நேராகக் குசினிக்குள் வந்து, அடுப்பே எரியாத நேரத்திலும் அலமாரிக் கதவைத் தொட்டால் சுடும்.

அந்த வெயிலுக்குள்தான் லில்லி சின்னம்மா வந்து இறங்கினார். அம்மாவின் ஒரே தங்கை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு "மிஸ்ஸி" என்று நாங்கள் சொல்கிற நர்ஸ் வேலை படிக்க இங்கிலாந்து போனவர், படித்து முடித்து அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டார். அந்த வருடம் அங்கே குளிர் ஆரம்பித்ததும் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையாகி, கொஞ்ச நாள் ஊரில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று ஆஸ்பத்திரியிலேயே அனுப்பி வைத்திருந்தார்கள். தேறியதும் தெரிவித்தால் போதும், அவசரமில்லை என்றார்களாம். விமான நிலையத்தில் கம்பளிச் சட்டையோடு துரும்பாக இளைத்து வந்து நின்ற தங்கையைப் பார்த்ததும், அம்மா அவருடைய பெட்டியை வாங்கவில்லை. சட்டைக் கையைத் தூக்கி எலும்பைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்குச் சின்னம்மா வந்தது திருவிழா மாதிரி. என் கட்டிலில்தான் அவருக்கு இடம். அவர் துணிகளில் ஏதோ ஒரு வாசனை, பெட்டிக்குள் அடைந்து கிடந்த குளிரின் வாசனை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அங்கே பனி கொட்டினால் எப்படி இருக்கும், ரயில் எப்படி இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்க, அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மாறும். நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. அதில் சுடுதண்ணீர்த் தொட்டியை அடைத்து வைத்த ஓர் அலமாரி. வேலையில்லாத நாளில் ரொட்டி மாவைப் பிசைந்து அந்த அலமாரிக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாராம். அந்த ஊரிலேயே சூடாக இருந்தது அந்த ஓர் இடம்தான் என்பார். மாவு எழும்ப எவ்வளவு சூடு வேண்டும் என்று கேட்டால், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி, என்று தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவார்.

எங்கள் கட்டடத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற "ரொட்டி பாய்" விற்கும் ரொட்டி சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பஞ்சு மாதிரி இருக்கிறது, இனிப்பாக வேறு இருக்கிறது, கடித்தால் கடிபட வேண்டாமா என்று குறை. வந்த வாரமே, சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் முன்னால் அம்மாவிடம் சொன்னார்:

"என் கையால ஒரு நல்ல ரொட்டி சுட்டு உனக்குக் குடுக்காம நான் பிளேன் ஏற மாட்டேன்கா."

சின்னம்மா இதை விளையாட்டாகச் சொன்னாரா, வாக்காகச் சொன்னாரா தெரியாது. அம்மா வாக்காகவே எடுத்துக்கொண்டார். மறுநாளே கீழ்மாடி யுரேசியன் ஆன்ட்டியிடம் போய், அடுப்பின் மேல் தூக்கி வைத்துச் சுடுகிற தகரப்பெட்டி ஓவனை இரவல் வாங்கிவந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்தார். தங்கை ஆசைப்பட்டதற்கு அக்கா இப்படிப் பறக்கிறாரே என்று அப்பா கேலி செய்தார்.

அம்மா பிறந்த வீட்டின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவுக்குத் தம்பியாகவும் சின்னம்மாவுக்கு அண்ணனாகவும் நடுவில் ஒருவர் இருந்தார், எனக்கு மாமா. வேலைக்காகச் சிங்கப்பூருக்குக் கிளம்பிய காலையில் அவர்களுடைய தாயார் வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே ராசா என்று அழுதாராம். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போன மாமா, பாதி வழியில் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் செத்தது மாமா மட்டுமல்ல, "போகாதே" என்கிற சொல்லும்தான். அதற்குப் பிறகு பயணம் கிளம்புகிற யாரிடமும் அந்தச் சொல்லை அவர்கள் யாரும் சொன்னதில்லை. "கெளம்புறவங்கள மறிச்சுப் பேசக் கூடாது" என்பது எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. நான் பள்ளிச் சுற்றுலா போகும்போதுகூட அம்மா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆகவே அம்மா சின்னம்மாவிடம் இங்கேயே இருந்துவிடு என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கைக்கு ஆட்டெலும்பு சூப்பு, தங்கைக்கு முருங்கைக்கீரை, தங்கைக்கு நல்ல தலையணை. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிகளுக்கு ஆள் தேவையாம் என்று அப்பா சொன்னால், அம்மா சின்னம்மா காதில் விழும்படி ஒன்றுக்கு இரண்டு முறை திருப்பிக் கேட்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் அந்த ஆசை வெயிலைவிட அதிகமாகத் தகித்துக்கொண்டிருந்தது.

முதல் மாவை ஒரு சனிக்கிழமை பிசைந்தார்கள். சின்னம்மா கைகளில் அப்போது கொஞ்சம் சதை பிடித்திருந்தது. மாவை அடித்து, மடித்து, இழுத்து, மறுபடி மடித்து அவர் பிசைவதைப் பார்க்கவே நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிசைந்து உருட்டிச் சட்டியில் போட்டுத் துணி மூடியதும், எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அலமாரி இல்லை, சுடுதண்ணீர்த் தொட்டி இல்லை. சின்னம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். அம்மாதான் இடம் காட்டினார்: அடுப்புக்கு மேலே இருந்த பலகை. கீழே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே நல்ல கதகதப்பா இருக்கும் லில்லி, என்றார். மதியம் திறந்து பார்த்தபோது மாவு பொங்கி, அதோடு நிற்காமல் மேலும் பொங்கி, களைத்துப்போய் நடுவில் குழி விழுந்து, தொட்டால் கையோடு வந்தது. வாடை குப்பென்று அடித்தது.

அடுத்த வாரம் குளிர்பெட்டியின் பின்பக்கம், சூடான காற்று வருகிற இடம். அதற்கடுத்த வாரம் மேற்குப் பார்த்த ஜன்னல் திட்டு. ஒருமுறை தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் சட்டியை வைத்து, பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றி, அது கவிழ்ந்துவிடாமல் என்னைக் காவல் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இடத்தை அம்மா கண்டுபிடிப்பார். சின்னம்மா "நல்ல யோசனைக்கா" என்று கொண்டுபோய் வைப்பார். ஒவ்வொரு தடவையும் மாவு புளித்து வழியும். சூடு பத்தலையோ என்று அம்மா தாடையில் கையை வைத்துக்கொள்வார். ஆமாக்கா, இன்னும் கொஞ்சம் சூடு வேணும் போல, என்று சின்னம்மாவும் ஒத்துப்பாடுவார். அடுத்த வாரம் பார்ப்போம் என்று இருவரும் சட்டியைக் கழுவி வைப்பார்கள்.

மாவு கெட்டதில் மெய்யான லாபம் எனக்கும் என் தம்பிக்கும்தான். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் சாப்பாட்டை வீணாக்கினால் பாவம் என்று, புளித்த மாவில் சீனியும் ஏலக்காயும் போட்டு அம்மா எண்ணெயில் உருட்டி உருட்டிப் போட்டு எடுப்பார். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே லேசான புளிப்போடும் இருக்கும் அந்த உருண்டைக்காக, சின்னம்மாவின் மாவு இந்த வாரமும் கெட வேண்டும் என்று நாங்கள் இருவரும் மாதாவிடம் வேண்டிக்கொண்டதுண்டு. எங்கள் வேண்டுதலுக்கு அப்படி ஒரு பலன் இருந்தது.

காருக்குள் வைக்கலாம் என்ற யோசனை அம்மாவுக்கு ஒரு நல்ல உச்சி வெயிலில் வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு கிடைக்கும், காற்றும் படாது என்று விளக்கம் வேறு. சின்னம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார், அம்மா சாவியோடு பின்னால், நான் துணியோடு அதற்கும் பின்னால். சட்டியைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துக் கண்ணாடிகளை இறுக மூடிவிட்டு வந்தோம். வந்த உடனே அம்மாவுக்குப் பசாரில் ஏதோ வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்து, தங்கையையும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போன இடத்தில் ஒரு கடை பாக்கி வைக்கவில்லை. திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தபோது மாவு சட்டியை விட்டு எழுந்து, இருக்கையில் படர்ந்து, முதுகுப் பக்கத்து இடுக்கில் புகுந்து, தரை விரிப்புவரை இறங்கி, மேலே தோல் கட்டிப்போய் இருந்தது. சத்தம் கேட்டு இறங்கி வந்த அப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, வெள்ளைக்காரன் ஊரிலும் இதைக் காரில்தான் வைப்பார்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

சின்னம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சாக்கடை ஓரத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார்கள். மேல்மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இன்று கண்ணை மூடினால் எனக்கு அம்மாவின் முகம் அந்தச் சிரிப்போடுதான் வருகிறது.

அந்தச் சமயத்தில் ஒன்றை நான் கவனித்தேன். வெயில் மாதங்களில் அம்மா தோசைக்கு ஆட்டுகிற மாவைச் சட்டியோடு ஓர் அகலமான தண்ணீர்த் தட்டில் இறக்கி, ஈரத்துணி போர்த்தி, குளியலறைத் தொட்டியின் நிழலில் வைப்பார். இல்லாவிட்டால் இந்த ஊர் வெக்கைக்கு மாவு காலைக்குள் புளித்துக் கெட்டுவிடும். ஒரு மாவுக்கு நிழலும் தண்ணீரும், இன்னொரு மாவுக்கு அடுப்பும் வெயிலுமா என்று எனக்குச் சந்தேகம். கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல், அது அரிசி மாவு, இது கோதுமை மாவு, ரெண்டும் வேற, என்று சொல்லிவிட்டு, போய்ப் படி என்று விரட்டினார். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது.

குருத்து ஞாயிறு கழிந்த வாரம், எங்களுக்காகத் தொலைபேசி எடுத்துத் தரும் பக்கத்து வீட்டுக்குச் சின்னம்மாவைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, வாசலிலேயே நின்றபடி விஷயத்தைச் சொன்னார். ஈஸ்டர் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அம்மா கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே சரி என்றார். நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அம்மா துணியை மடித்து முடித்து, அடுத்த துணியை எடுத்தார்.

பெரிய வெள்ளியன்று காலையில் சின்னம்மா மறுபடியும் மாவு பிசைந்தார். குளிர்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு எல்லாரும் சிலுவைப் பாதைக்குப் போனோம். திரும்பி வந்து அவர் துணியை விலக்கினார். மாவு தளர்ந்து, தண்ணீர் விட்டு, புளித்துப் போயிருந்தது. வழக்கமாகச் சிரிப்பவர், அன்று சட்டியை மடியில் வைத்துக்கொண்டு குசினித் தரையில் உட்கார்ந்து அழுதார். அடக்கி அடக்கி, தோள் குலுங்க அழுதார்.

"எனக்கு ஒண்ணுமே சரியா வரலக்கா."

அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் அழுகை வந்தது. அதற்குமேல் அந்த உருண்டைகள் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சின்னம்மா ஒரே பிடிவாதமாக இன்னொரு முறை பிசைந்து, அம்மா முதன்முதலில் காட்டிய அடுப்புப் பலகையில் தானே சட்டியை ஏற்றிவிட்டு, ஈஸ்டருக்குப் பூ அலங்காரம் செய்யக் கோயிலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா பலகைக்கு எதிரில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு சட்டியை இறக்கி, அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, சட்டியை அதில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, குளியலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியின் நிழலில் இறக்கினார். வெளியே வந்து, யாரும் உள்ளே போய்த் தண்ணீர் சிந்தக் கூடாது, அப்பா வந்தால் கீழ் வீட்டில் குளித்துக்கொள்ளட்டும் என்றார். நான் விடவில்லை. அது கோதுமை மாவாயிற்றே அம்மா என்றேன்.

"எல்லா மாவும் ஒண்ணுதான்" என்றார் அம்மா.

வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். எண்ணெய்க் கறையோடு வேலையிலிருந்து வந்த அப்பா, விவரம் தெரிந்ததும் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ரொட்டி மாவு குளித்து முடிக்கட்டும், நான் அப்புறம் குளிக்கிறேன் என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் சின்னம்மா திரும்பி வந்தார். பலகை காலியாக இருந்தது. என் கண் போன பக்கம் பார்த்து, குளியலறைக் கதவைத் திறந்தார். மாவு சட்டியின் விளிம்புவரை வழுவழுவென்று எழும்பி நின்றது. குனிந்து ஒரு விரலால் அழுத்தினார். குழி விழுந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது. புளிப்பு வாடையே இல்லை. சின்னம்மா எழுந்திருக்காமல் அப்படியே குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"சரியா வந்துருச்சுக்கா" என்றார் சின்னம்மா.

"வரட்டும்னுதான் வெச்சேன்" என்றார் அம்மா.

அவ்வளவுதான் பேச்சு. அந்தச் சாயங்காலம் எங்கள் மாடி முழுக்க ரொட்டி வாசனை பரவியது. அது எப்படிப்பட்ட ரொட்டி என்று நான் என்ன சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். மேலே பழுப்பாக வெடித்து, கத்தி இறங்கும்போது சத்தம் போட்டு, உள்ளே மிருதுவாக, மெல்லும்போது உப்பும் லேசான இனிப்பும் ஊறி வரும் ரொட்டி. வெண்ணெய் தடவி எல்லாருக்கும் கொடுத்துவிட்டுச் சின்னம்மா நின்றுகொண்டே ஒரு துண்டைத் தின்றார். நல்லாருக்குடி என்று அம்மா சொன்னார். அம்மா அதைத் தின்று முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நாங்கள் மீதி ரொட்டியைக் காலி செய்துவிட்டோம்.

அடுத்த வாரம் விமான நிலையத்தில் சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டார். இப்போது அவர் துணிகளில் எங்கள் வீட்டு வாசனைதான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் அவர் நுழையும்போது, நான் கத்திக் கூப்பிடப் போகிறேன் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, அவருடைய உள்ளங்கை வந்து என் வாயை மூடிக்கொண்டது. போயிட்டு வா என்று மட்டும் அம்மா சொன்னார். சின்னம்மா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அம்மா வேண்டுமென்றே மாவைக் கெடுத்தார் என்பதைப் பின்னால், நானே ஒரு வெயில் மாதத்தில் தோசைக்கு ஆட்டத் தொடங்கியபோது புரிந்துகொண்டேன். சொல்லக் கூடாத ஒரு சொல்லுக்குப் பதிலாக அவர் வாரா வாரம் ஒரு சூடான இடத்தைக் காட்டியிருக்கிறார். கடைசியில் தங்கை அழுததைத் தாங்க முடியாமல் தானே வழிவிட்டிருக்கிறார். ஒருமுறை இதைக் கேட்டதற்கு அம்மா மறுக்கவில்லை. "ரொட்டி வரலேன்னு அவ அப்படி அழுதா. நான் என்ன செய்ய" என்றார். சின்னம்மா சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து போனார். அவர் அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்று, தனியாகவே இருந்துவிட்டார். இரண்டு பேரும் அந்த மாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதே இல்லை.

நான் இப்போது இருப்பது பெருநிலப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில். வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு, எல்லா அறைகளிலும் ஏர்கோன். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். குளியலறைத் தொட்டிகளை எல்லா வீடுகளிலும் எப்போதோ இடித்துவிட்டார்கள். அப்பா இல்லை, கார் இல்லை. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ரொட்டி பாயின் ஹாரன் கேட்டு நடைபாதையில் கதவுகள் திறக்கும் சத்தத்தை இங்கே நான் கேட்டதில்லை. ஊரெல்லாம் விதவிதமான ரொட்டிக் கடைகள் வந்துவிட்ட பிறகு எனக்கு என்னவோ வீட்டிலேயே சுட வேண்டும் என்று ஆசை வந்தது. ஏர்கோன் போட்டால் மாவு அசைவதில்லை, நிறுத்தினால் புளிக்கிறது. போன மாதம் ஒருநாள் சலித்துப்போய்ச் சின்னம்மாவுக்குப் போன் செய்து, எங்கே வைப்பது என்று கேட்டேன்.

எழுபதைத் தாண்டிய குரலில் சிரித்தார். குளியலறையில் வை, தண்ணீர்த் தட்டில் வை, உங்கம்மா வைத்த மாதிரி, என்றார். பிறகு, அந்த வெயிலுக்கு எது சரியான இடம் என்று தனக்கு முதல் நாளே தெரியும் என்றார்.

"நானும் அதே வீட்டுல மாவாட்டி வளந்தவதானே. உங்கம்மா ஏன் கெடுக்குறான்னு தெரியும். கெடட்டும்னுதான் கொண்டுபோய் வெச்சேன்லா. கடைசி சனிக்கிழமையும் கெட்டுச்சுன்னா, வேலை போனாப் போவுது, இங்கயே இருந்துரலாம்னு எனக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். வந்து பாத்தா அக்கா மாவ நல்லபடியா வெச்சிருக்கா. சரி, போன்னு சொல்றான்னு எடுத்துக்கிட்டேன்."

இல்லை சின்னம்மா, நீங்கள் பெரிய வெள்ளியன்று அழுதீர்களே, ரொட்டி வராமல் வெட்கப்பட்டு அழுகிறீர்கள் என்று அம்மா நினைத்துவிட்டார், அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அப்படிச் செய்தார், நான் கேட்டபோது அதைத்தான் சொன்னார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

"ரொட்டிக்காக யாராச்சும் அழுவாங்களாம்மா?" என்றார் சின்னம்மா.